கடைமடை

மூன்று முறை சொல்லியாகிவிட்டது.
ஏ.இ.யிடம் ஒருமுறை,
திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனில் ஒருமுறை,
விசாரணைக்கு வந்த அதிகாரி முன்
கார்பன் தாள் வைத்து ஒருமுறை.
மூன்றிலும் தேசிங்கு அதே கம்பத்தில்தான் தொங்கினான்,
பெல்ட் அவனை விடவில்லை.
மூன்றிலும் அதே இறால் பண்ணை ஜெனரேட்டர்தான்
புயல் போன பதினோராம் நாள் மத்தியானம்
செத்துக் கிடந்த லைனுக்குள்
பின்வழியாக ஏறி வந்தது.
கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
வலது தோள் மட்டும்
காதோரம் போய் நின்றது, இறங்கவில்லை.

நாலு வருஷம் அதைத் தோள்வலி என்றே சொல்லி வந்தோம்.
தைலம், ஊசி, ஜாம்பவானோடையில் ஓதிக் கட்டிய கயிறு.
கல்யாண மண்டப வாசலில் ஜெனரேட்டர் உறுமினால்
மொய்க்கவர் சட்டைப்பையில் இருக்க
பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன்,
நடந்து வந்தது தெரியாது.
ஏன் பல்லைக் கடிக்கிறீங்க என்பாள் சம்பூர்ணம்,
நடுச்சாமத்தில் எழுப்பி.
நான் எங்கே கடித்தேன்?

மன்னார்குடியில் ஒரு மெடிக்கல் மாடி.
வியாழக்கிழமை மட்டும் வரும் ஷம்ஷாத் மேடம்
நான் நாலாவது முறை ஆரம்பித்ததும்
கையைக் காட்டி நிறுத்தினார்.
"கதை இருக்கட்டும் பக்கிரிசாமி.
குதிகால் எங்க இருக்கு?"
இது என்ன கேள்வி. தரையில்தான்.
"தரை எப்படி இருக்கு?"
மொசைக். சில்லென்று.
இடது பெருவிரல் பக்கம் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது.
"இப்ப தோள் என்ன பண்ணுது, பாருங்க."

பார்த்தேன்.
அது நீட்டிக்கொண்டிருந்தது.
அடுத்த கம்பத்தின் உச்சியிலிருந்து
எட்டாத கையை
இன்னமும்.

"நீட்டி முடிக்கட்டும். அவசரம் இல்ல."
அரைமணி நேரம் ஒரு கை நீண்டது.
இதற்கா முந்நூறு ரூபாய் என்று ஒரு பக்கம் ஓடியது.
முழங்கை திறந்தது, மணிக்கட்டு திறந்தது,
விரல் அவர் பிடித்திருந்த தலையணையைத் தொட்டதும்
தொடை நடுங்கத் தொடங்கியது.
ஆம்பிளைக்கு இது என்ன என்று முட்டியை அழுத்தினேன்.
"விடுங்க. அதுக்குத் தெரியும்."

மேட்டூர் திறந்த சேதி
அன்றைக்கே பேப்பரில் வந்துவிடும்.
எங்கள் ஊர்த் தண்ணீர்
கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து,
ஒவ்வொரு ஷட்டரிலும் சண்டை போட்டு
சில வருஷம் ஆடி முடிந்துதான் வரும்.
தேசிங்கு செத்தது
தலைக்கு அன்றைக்கே தெரியும்.
காலுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது,
செருப்பும் நுரையும் செத்த நண்டுமாக.

நடுக்கம் அடங்கும்போது
ஒரு வாக்குமூலத்திலும் இல்லாதது வாயில் வந்தது:
எர்த் ராடு ஜீப்பில் கிடந்தது மேடம்.
எடுத்து மாட்ட வேண்டியவன் நான்.
லைன்தான் செத்துப்போச்சே என்றான் அவன்,
ஆமாம் என்றேன் நான்.

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.
உங்கள் தப்பில்லை என்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
"இதச் சொன்னப்ப எங்க கனத்துச்சு?" என்றார்.
வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.
"சரி. அங்க கையை வெச்சுக்கங்க."
வைத்துக்கொண்டேன்.
கீழே யாரோ குழந்தைக்கு இருமல் மருந்து கேட்டார்கள்.

சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
பெல்ட் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.
போன வாரம் தேரடியில் கரண்ட் போய்
செல்போன் கடைக்காரன் ஜெனரேட்டரை இழுத்துவிட்டான்.
தோள் கிளம்பியது. பல் கிளம்பியது.
குதிகால் எங்கே?
செருப்பில். செருப்பு எங்கே? சேற்றில்.
டீ பாதி சிந்தியது.
மீதியைக் குடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.